பட்டியல் வெளிவருவதற்கு முன்னால் பேசுங்கள்

வாசகர் கேள்வி – அக்கா பதில்
மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து

போன இதழில் நியூயார்க் மேயர் தேர்தலைப் பற்றி ஒரு தம்பி கேட்டதற்கு நான்கே வரியில் பதில் எழுதியிருந்தேன். கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே அங்கே மக்கள் ‘பிரைமரி’ என்ற தேர்தலில் ஓட்டுப்போட்டு முடிவு செய்கிறார்கள் என்று அதில் சொன்னது பலருக்குப் புதுச் செய்தியாக இருந்திருக்கிறது. கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அதனால் இந்த இதழ் முழுக்க அந்த ஒரு விஷயம்தான். சொக்சோ காப்புறுதி, இ.பி.எஃப். சேமநிதி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வாசகர், கோலகங்சார்): பிரைமரி தேர்தல் என்கிறீர்களே அக்கா, அதற்கும் நம் ஊர்த் தேர்தலுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

பதில்: நம் ஊரில் வேட்புமனுத் தாக்கலுக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் யார் நிற்கிறார் என்றே நமக்குத் தெரியும். கூட்டணிக் கட்சிகள் கோலாலம்பூரில் உட்கார்ந்து தொகுதிகளைப் பங்கு பிரித்துக்கொள்ளும். கட்சித் தலைமை ஒரு பட்டியல் போடும். தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு ஒருவர் நம் ஊருக்கு வந்து இறங்குவார். சில நேரம் அவருக்கு நம் ஊர்ச் சந்தை எந்தப் பக்கம் என்பதுகூடத் தெரிந்திருக்காது. ஓட்டுச்சீட்டில் நாம் பார்ப்பது அந்த அறையில் ஏற்கெனவே வடிகட்டி அனுப்பிய பெயர்களை மட்டும்தான்.

அமெரிக்காவில் அந்த வடிகட்டும் வேலை பெரும்பாலும் வாக்காளர் கையில் இருக்கிறது. பொதுத் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்னால் ஒரே கட்சியைச் சேர்ந்த பலர் தங்களுக்குள் மோதுவார்கள். அந்தக் கட்சிக்காரர் என்று பதிந்துகொண்ட சாதாரண மக்கள் வாக்குச்சாவடிக்குப் போய் அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். சில மாநிலங்களில் எந்தக் கட்சியிலும் பதியாதவரும் ஓட்டுப் போடலாம். நியூயார்க்கில் முடியாது. 2018 ஜூன் மாதம் அங்கே நடந்த பிரைமரியில் ஓட்டுப்போட வேறு கட்சியிலிருந்து மாறி வர நினைத்தவர்கள், முந்தைய ஆண்டு அக்டோபருக்குள்ளேயே மாறிப் பதிந்திருக்க வேண்டியிருந்தது.

அவர்களுக்கும் இது சும்மா கிடைத்துவிடவில்லை. முன்பெல்லாம் அங்கேயும் கட்சிப் பெரிய மனிதர்கள் மூடிய அறையில்தான் ஆளைப் பொறுக்கினார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் ராபர்ட் லாஃபொலெட் என்ற ஆளுநர் அதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 1904-இல் மக்கள் வாக்கெடுப்பில் அவருடைய சட்டம் தேறியது. 1906-இல் மாநிலம் முழுவதும் முதல் நேரடி பிரைமரி நடந்தது. தென் மாநிலங்களில் கதை வேறு. அங்கே ஒரே கட்சிதான் எப்போதும் ஜெயிக்கும் என்பதால், கறுப்பின மக்களைப் பிரைமரியில் ஓட்டுப்போட விடாமல் தடுத்துவைத்தாலே போதுமானதாக இருந்தது. பொதுத் தேர்தலில் அவர்கள் ஓட்டுப்போட்டும் பலன் இல்லை. உச்ச நீதிமன்றம் 1944-இல்தான் அந்த அநியாயத்தை நிறுத்தியது. இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆளைப் பொறுக்கும் இடத்தில் நமக்கு இடமில்லை என்றால், ஓட்டுப்போடும் நாளில் நமக்கு இருக்கும் உரிமை பாதிதான். அங்கே அதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் அந்தக் கறுப்பின மக்கள்.

கேள்வி (வாசகி, ஈப்போ): உணவகத்தில் வேலை பார்த்த ஒரு பெண், இருபது வருஷத்துக்குப் பக்கம் பதவியில் இருந்த எம்.பி.யைத் தோற்கடித்தார் என்று என் மகள் சொல்கிறாள். பின்னால் பெரிய ஆள் யாரும் இல்லாமலா?

பதில்: உங்கள் மகள் சொல்வது உண்மை. அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் என்பது அவர் பெயர். அப்போது வயது 28. தோற்றவர் ஜோ கிராவ்லி, நாடாளுமன்றத்தில் ஜனநாயகக் கட்சியின் முன்வரிசைத் தலைவர்களில் ஒருவர். 14 ஆண்டுகளாக அவரைப் பிரைமரியில் எதிர்த்து நிற்கவே ஆளில்லை. ஆளுநர், பெரிய தொழிற்சங்கங்கள் எல்லாரும் அவர் பக்கம். 2018 ஜூன் 26 அன்று அந்தப் பெண் ஏறக்குறைய 57 விழுக்காடு ஓட்டு வாங்கினார்.

பின்னால் யார் என்று கேட்டீர்கள். முதலில் அவர் பெயரை எழுதி அனுப்பியது அவருடைய தம்பி. ‘பிராண்ட் நியூ காங்கிரஸ்’ என்று ஒரு அமைப்பு, பதவியில் இருப்பவர்களை விட்டுவிட்டு, உங்கள் ஊரில் நல்லபடியாக உழைக்கும் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று பொதுமக்களிடம் கேட்டது. அப்படி வந்த பெயர்களில் ஒன்றுதான் இவருடையது. ‘ஜஸ்டிஸ் டெமாக்ரட்ஸ்’ என்று 2017-இல் தொடங்கிய இன்னொரு அமைப்பும் கைகொடுத்தது. பெரு நிறுவனங்களின் தேர்தல் நிதியைத் தொடக் கூடாது என்பது அவர்கள் போடும் நிபந்தனை. அப்புறம் அமெரிக்க ஜனநாயக சோசலிஸ்டுகளின் நியூயார்க் கிளை. ஓட்டுச்சீட்டில் பெயர் வருவதற்கே தொகுதியில் கட்சிக்காரர்களாகப் பதிந்த 1,250 பேரின் கையெழுத்து வேண்டும். அதற்காகக் கதவு கதவாகத் தட்டினார்கள். அந்தத் தட்டலே பிரச்சாரமும் ஆகிவிட்டது.

ஒரு விஷயத்தை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். முற்போக்கு என்று பெயர் வாங்கிய ‘ஒர்க்கிங் ஃபேமிலீஸ்’ கட்சிகூட அந்த முறை பழையவரைத்தான் ஆதரித்தது. பெரிய அமைப்புகளுக்குப் பதவியில் இருப்பவரோடு நாளைக்கும் வேலை ஆக வேண்டும். அவரைப் பகைத்துக்கொள்ளப் பயம். அதனால் துணிந்து முதலில் ஆதரவு கொடுக்கும் வேலை எப்போதும் சின்ன ஆட்கள் தலையில்தான் விழும். நாற்பது வீட்டுத் தாமானில் (குடியிருப்பில்) குழு நடத்தும் பெண்களுக்கு இதில் தைரியம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இன்னொன்று, ஏறக்குறைய 7 லட்சம் பேர் வசிக்கும் அந்தத் தொகுதியில் பிரைமரியில் விழுந்தது 30,000-க்கும் சற்றுக் குறைவான ஓட்டு. கொஞ்சம் பேர் மட்டும் வரும் இடத்தில், சேர்ந்து வருகிற சின்னக் கூட்டத்துக்குப் பலம் அதிகம்.

கேள்வி (வாசகர், ரவூப்): முற்போக்கு, பிற்போக்கு எல்லாம் இருக்கட்டும். நம் இனத்தவர் ஒருவர் உள்ளே போனால் போதாதா?

பதில்: சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2016-இல் சியாட்டில் பகுதியிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த க்ஷமா சாவந்த் அதே சியாட்டிலில் 2013-இல் நகர மன்றத்துக்கு ஜெயித்தார். மணிக்கு 15 டாலர் சம்பளம் வேண்டும் என்று கேட்டு ஜெயித்தவர் அவர். அடுத்த ஆண்டே நகர மன்றம் அதைச் சட்டமாக்கியது. அவர்களுக்கு ஓட்டுப்போட்டவர்களில் இந்தியர்கள் மிகச் சிலர்தான். சம்பளத்துக்கும் வாடகைக்கும் போராடுவார் என்று நம்பித்தான் மற்றவர்கள் போட்டார்கள். நம் பக்கம் பாருங்கள். 2008-இல் சுங்கை சிப்புட்டில் மோதிய முக்கியமான இருவரும் தமிழர்கள். அப்போது எங்களுக்கு இனத்தை வைத்து எடுக்க முடிவே இல்லை. ஆளை வைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

கேள்வி (வாசகர், சுங்கை சிப்புட்): அக்கா, நம்ம ஊரில் டாக்டர் ஜெயகுமார் ஜெயித்தது எந்தப் பிரைமரியும் இல்லாமல்தானே? ஜனங்க மனசு வைத்தால் போதும். அமெரிக்காக்காரன் முறை நமக்கு எதற்கு?

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன்.

1974-இலிருந்து 34 ஆண்டுகள் சாமிவேலு நம் தொகுதி எம்.பி. அதற்கு முன் துன் சம்பந்தன். இரண்டு பேருமே ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தேசியத் தலைவர்கள். அப்படிப்பட்ட தொகுதியில் 2008 மார்ச் 8 அன்று டாக்டர் மைக்கேல் ஜெயகுமார் 1,821 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். முந்தைய ஆண்டு நவம்பர் 25 அன்று இந்தியர் உரிமை கேட்டு ஹிண்ட்ராஃப் இயக்கம் நடத்திய பேரணி நாடு முழுக்க நம் ஜனங்களின் மனத்தைக் கலக்கியிருந்தது, அதையும் மறுக்க முடியாது. ஆனால் பேரணி மட்டும் காரணம் என்று சொன்னால் எங்கள் தோட்டத்துப் பெண்களுக்கு நான் அநியாயம் செய்கிறேன்.

அவர் 1999-இல் ஜ.செ.க. (ஜனநாயகச் செயல் கட்சி) சின்னத்தில் நின்று தோற்றார். 2004-இல் கெஅடிலான் (பி.கே.ஆர். என்று சொல்கிறோமே, அந்தக் கட்சி) சின்னத்தில் நின்று இன்னும் மோசமாகத் தோற்றார். 2008-இலும் அதே இரவல் சின்னம்தான். அவருடைய சொந்தக் கட்சியான, 1998-இல் தொடங்கிய பி.எஸ்.எம். என்ற மலேசிய சோசலிஸ்ட் கட்சிக்கு 2008 தேர்தல் முடிந்த பிறகுதான் பதிவே கிடைத்தது. இரண்டு தடவை தோற்ற மனிதரை ஏன் மூன்றாம் தடவையும் நம்பினோம்? தேர்தல் இல்லாத வருஷங்களில் அவர் எங்கே இருந்தார் என்று எங்களுக்குத் தெரியும். தோட்டம் கைமாறி, வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தால், அவரோடு வேலை செய்த ‘அலைகள்’ அமைப்பின் பிள்ளைகள் சைக்கிளிலும் மோட்டாரிலும் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) வந்துவிடுவார்கள். தொழிலாளர் இலாகாவுக்கு என்ன எழுத வேண்டும் என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார்கள். நான் அப்போது பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். மதியம் பால் நிறுத்துவிட்டு வந்து குளித்து, சாயங்காலம் பைப்படியில் துணி துவைக்கும்போது பெண்கள் பேசுவது வேறொன்றும் இல்லை. யார் வந்தார், யார் வரவில்லை, வந்தவர் சொன்னபடி திரும்பி வந்தாரா? தலைமுறையாக ஒரே சின்னத்துக்குப் போட்ட கிழவிகள்கூட அந்தப் பேச்சில்தான் மாறினார்கள். ஜாகா (காவலாளி) கேட்டில் தடுத்தாலும் பின்பக்கக் காட்டுப்பாதை வழியாகத் துண்டறிக்கை உள்ளே வந்துவிடும். அதைச் சேலைக்குள் மறைத்துக் கொண்டுவந்தவர்கள் அந்தக் கிழவிகள்தான்.

என்னைக் கேட்டால், பைப்படியில் பல வருஷமாக நடந்ததுதான் எங்கள் பிரைமரி. ஆளைப் பார்த்து, சோதித்து, ஒத்துக்கொண்டு, அப்புறம்தான் ஓட்டுப்போட்டோம். 2011-இல் அவரை அவசரகாலச் சட்டத்தின்கீழ் பிடித்து வைத்தபோது கலங்கியதும் நாங்கள்தான். 2013-இல் மறுபடியும் ஜெயிக்கவைத்ததும் நாங்கள்தான்.

இப்போது 2018-க்கு வாருங்கள். பத்து ஆண்டுகள் எம்.பி.யாக இருந்தவர். கூட்டணியோடு தொகுதிப் பேச்சு ஒத்துவரவில்லை. பக்காத்தான் கூட்டணி சார்பில் பி.கே.ஆர். வேட்பாளர் கேசவன் நின்றார். டாக்டர் தன் கட்சியின் சொந்தச் சின்னத்தில் தனியாக நின்றார். ஆட்சி மாற வேண்டும் என்று ஜனங்கள் துடித்த நேரம் அது. கேசவன் ஜெயித்தார், டாக்டருக்கு டெபாசிட்டே போய்விட்டது. நம் நாட்டில் எட்டில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் டெபாசிட் திரும்பாது. அந்தத் தேர்தலில் நான் போன வீட்டில் எல்லாம் ஒரே வார்த்தை: “டாக்டர் நல்லவருதான், ஆனா ஓட்டைப் பிரிக்கக் கூடாது அக்கா.” அவர்கள் சொன்னதில் தப்பில்லை. நம் தேர்தலில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்; ஒரே பக்கம் இரண்டு பேர் நின்றால் எதிராளிக்குத்தான் லாபம்.

அதனால்தான் தம்பி, பிரைமரி போன்ற ஒன்று நமக்கு வேண்டும் என்கிறேன். அந்த முறை இருந்திருந்தால் இரண்டு பேரும் கூட்டணிக்குள்ளேயே முதலில் மோதியிருப்பார்கள். அதில் மனசுக்குப் பிடித்தவருக்குப் பயமில்லாமல் போட்டிருப்போம். அங்கேயும் டாக்டர் தோற்றிருக்கலாம், கேசவனே வந்திருக்கலாம். வந்திருந்தால் அது எங்கள் முடிவு. நடந்தது அப்படி இல்லை. எங்கள் தொகுதியில் யார் நிற்பது என்ற கேள்வி எங்களிடம் வரவே இல்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்றைக்கும் குறையவில்லை. 2025 ஏப்ரலில் ஆயர் கூனிங் இடைத்தேர்தலில் பி.எஸ்.எம். கட்சியின் பவானி நின்றபோதும் இதே “பிரிக்கக் கூடாது” பேச்சைத்தான் தாப்பாப் பக்கத்து உறவுக்காரர்கள் என்னிடம் சொன்னார்கள்.

கேள்வி (வாசகி, தாப்பா): தோட்டத்திலிருந்து வந்து தாமானில் குடியிருக்கும் பெண்கள் நாங்கள் ஒரு குழுவாக இருக்கிறோம். அடுத்த பொதுத் தேர்தலில் ஒருவரை ஆதரிக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லலாமா? பிரச்சினை வருமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். கோயில் பெயரிலோ பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரிலோ மட்டும் சொல்லாதீர்கள். அவை எல்லாக் கட்சிக்காரரும் வந்துபோகிற இடங்கள். அங்கே சண்டை வந்தால் திருவிழாவும் பள்ளிக்கூடமும்தான் பாதிக்கப்படும். குடியிருக்கும் பெண்கள் என்று உங்கள் பெயரிலேயே சொல்லுங்கள்.

விதியை முதலில் போடுங்கள், ஆளை அப்புறம் பாருங்கள். அமெரிக்காவில் ‘மூவ்ஆன்’ என்ற அமைப்பு 2003 ஜூனில் தன் உறுப்பினர்களிடம், அதிபர் வேட்பாளராக யாரை ஆதரிக்கலாம் என்று இணையத்தில் ஓட்டெடுத்தது. இரண்டு நாளில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டார்கள். ஹோவர்ட் டீன் 44 விழுக்காடு வாங்கி முதலாவதாக வந்தார். ஆனால் பாதிக்குமேல் வாங்கினால்தான் ஆதரவு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அதனால் முதலாவதாக வந்தவருக்கும் ஆதரவு இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். 2008-இல் ஒபாமாவுக்கு 70 விழுக்காடு விழுந்தபோது ஆதரவு கொடுத்தார்கள். சொன்ன விதியைக் காப்பாற்றியதால்தான் அந்த ஆதரவுக்கு மதிப்பு. உங்கள் குழுவில் முப்பது பேர் என்றால், இருபது பேராவது ஒத்துக்கொண்டால்தான் ஆதரவு என்று இப்போதே எழுதிவையுங்கள். யாருக்கும் இருபது வரவில்லையா, யாருக்கும் ஆதரவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

ஓட்டு இரகசியமாக இருக்கட்டும். காகிதத்தில் எழுதி மைலோ டின்னில் போட்டாலும் போதும். கையைத் தூக்கச் சொன்னால் மாமியார் முகத்தைப் பார்த்துத் தூக்குகிற மருமகள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறாள்.

கேள்விகளை மேடைப் பேச்சாக்காதீர்கள். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவருக்கு வீடு எங்கே, யார் நிலத்தில், எந்த விலையில்? குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. அதைக் கொடுக்காத முதலாளிமீது புகார் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இங்கேயே பிறந்து குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் பாட்டிக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை வாங்கித்தர எத்தனை முறை அலுவலகத்துக்குக் கூடவே வருவீர்கள்? ஊரில் சேவை மையத்தை யார் திறந்துவைப்பார், எந்தக் கிழமை? இப்படிக் கேளுங்கள். பதிலை ஒருவர் எழுதட்டும். முடிந்ததும் அவர் முன்னாலேயே வாசித்துக் காட்டி, சரிதான் என்று அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

மலாய்க்கார, சீன அண்டை வீட்டாரையும் கூப்பிடுங்கள். கேள்விகளை மலாயிலும் எழுதுங்கள். தமிழர் மட்டும் உட்கார்ந்து எடுத்த முடிவை, இந்தியர் ஓட்டு என்று ஒரு மூலையில் எழுதிவைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒரே தாமானில் மூன்று இனமும் சேர்ந்து கேட்டால் கட்சிக்காரருக்கு அப்படி நகர முடியாது.

சட்டப்படி இரண்டு விஷயம். வேட்பாளர் செலவில் சாப்பாடு வேண்டாம். ஓட்டுக்காக விருந்து வைப்பது 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டப்படி குற்றம். தேநீரும் பிஸ்கட்டும் உங்கள் கைக்காசிலேயே இருக்கட்டும். துண்டறிக்கை அடித்தால் அச்சடித்தவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் எப்போது செய்வது என்பதுதான் முக்கியம். வேட்புமனு நாளுக்கு அப்புறம் சொன்னால் அது வெறும் வாழ்த்துச் செய்தி. இப்போதைய நாடாளுமன்றத்தின் தவணை 2027 டிசம்பரில் முடிகிறது. அதற்கு முன்பே எந்த நாளிலும் கலைக்கலாம். அதனால் உங்களுக்குப் பிடித்த உள்ளூர் ஆள் யார் என்று இந்த ஆண்டே பேசி, கையெழுத்து வாங்கி, கட்சியின் தொகுதித் தலைவருக்கும் மாநிலத் தலைவருக்கும் எழுதுங்கள். “இவரை நிறுத்தினால் இந்தத் தாமானில் இத்தனை பேர் வேலை செய்வோம்” என்று ஒரு வரி சேருங்கள். ஓட்டுப் போடுவோம் என்பதைவிட வேலை செய்வோம் என்பதைக் கட்சிகள் கவனமாகப் படிக்கின்றன. வாக்குச்சாவடியில் நாள் முழுக்க உட்கார ஆள் கிடைக்காமல் அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். நானே எண்ணும் நிலையத்தில் முகவராக உட்கார்ந்திருக்கிறேன்.

கேள்வி (வாசகர், பந்திங்): கடைசியில் பணம் வந்து எல்லாவற்றையும் அடித்துவிடுமே அக்கா?

பதில்: சில நேரம் அடித்துவிடுகிறது. ஜமால் போமன் என்ற பள்ளி முதல்வர் 2020 பிரைமரியில் பழைய எம்.பி. ஒருவரைத் தோற்கடித்தார். 2024-இல் அவரைத் தோற்கடிக்க இஸ்ரேல் ஆதரவு அமைப்பு ஒன்று மட்டும் 14 மில்லியன் டாலருக்கு மேல் கொட்டியது. காஸாப் போரை எதிர்த்துப் பேசியவர் அவர். தோற்றுப்போனார்.

அடுத்த ஆண்டே, அதே நியூயார்க் வட்டாரத்தில், ஸோஹ்ரான் மம்தானி. எதிரில் முன்னாள் ஆளுநர் குவோமோ. அவருக்காக வெளியிலிருந்து செலவான பணம் 20 மில்லியன் டாலருக்கு மேல். மம்தானிக்கு ஆரம்பக் கருத்துக்கணிப்பில் ஒரு விழுக்காடுதான். வாடகையை உயர்த்த விடமாட்டேன், பேருந்தை இலவசமாக்குவேன் என்று எளிமையாகப் பேசினார். பல்லாயிரம் தொண்டர்கள் கதவைத் தட்டினார்கள். 2025 ஜூன் 24 பிரைமரியில் ஜெயித்து, நவம்பரில் மேயர் தேர்தலிலும் ஜெயித்தார்.

தொண்டர்கள் உழைப்போடு இரண்டு விதிகளும் அவருக்குக் கைகொடுத்தன. ஊரில் வசிப்பவர் சின்னத் தொகை கொடுத்தால், முதல் 250 டாலர்வரை ஒவ்வொரு டாலருக்கும் நகராட்சி எட்டு டாலர் சேர்த்துக் கொடுக்கிறது. இன்னொன்று, வாக்காளர் ஐந்து பேர்வரை வரிசைப்படுத்தி ஓட்டுப் போடலாம். அதனால் மம்தானியும் பிராட் லாண்டர் என்ற இன்னொரு வேட்பாளரும், எனக்கு முதல் இடம், அவருக்கு இரண்டாம் இடம் கொடுங்கள் என்று ஒருவருக்கொருவர் ஓட்டுக் கேட்டார்கள். ஓட்டைப் பிரிக்கிறான் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லாமல் போனது. 2018-இல் எங்கள் ஊர்ச் சீட்டில் இந்த வசதி இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாளில்லை.

கேள்வி (19 வயது வாசகி, சுங்கை சிப்புட்): 18 வயதில் ஓட்டுரிமை கொடுத்தார்கள். ஆனால் எங்களை யாரும் எதையும் கேட்பதில்லையே?

பதில்: கண்ணு, 18 வயது ஓட்டும் தானாகப் பதியும் முறையும் 2021 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தன. அது உன் போன்ற பிள்ளைகள் கேட்டு வாங்கியது. அடுத்து நீங்கள் கேட்க வேண்டியது நகராட்சித் தேர்தல். உன் வீட்டுக் கால்வாயையும் தெருவிளக்கையும் பார்க்கும் நகராட்சி உறுப்பினருக்கு இந்த நாட்டில் யாரும் ஓட்டுப்போடுவதில்லை, நியமனம்தான். முன்பு தேர்தல் இருந்தது. 1965-இல் நிறுத்திவைத்து, 1976-இல் சட்டம் போட்டு முடித்துவிட்டார்கள். நடுவில் ஒரு அரச விசாரணை ஆணையம் உட்கார்ந்து, தேர்தல் தொடர வேண்டும் என்று 1968-இல் அறிக்கை கொடுத்தது. அதன் தலைவர் நம் தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். உன் வயதுக்காரர்கள் அவருடைய அறிக்கையைத் தேடி வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். புதிதாக அரசியலுக்கு வருகிற பிள்ளைக்கு நகராட்சிதான் முதல் படி. அந்தப் படியை எடுத்துவிட்டு, இளைஞர் யாரும் வருவதில்லை என்று பெரியவர்கள் சொல்வது நியாயமில்லை.

கேள்வி (வாசகர், குளுவாங்): இதெல்லாம் நடக்க வேண்டும் என்றால் கட்சியில் சேர வேண்டுமா? எனக்கு விருப்பமில்லை, ஆனால் வெளியிலிருந்து கத்தி என்ன பயன் என்றும் தோன்றுகிறது.

பதில்: சேருங்கள். எந்தக் கட்சி என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளம், வீடு, நிலம் இந்த மூன்றிலும் அந்தக் கட்சி உங்கள் ஊரில் என்ன செய்திருக்கிறது என்று பார்த்துச் சேருங்கள். பி.கே.ஆர். 2010-இல் உறுப்பினர் எல்லாரும் நேரடியாக ஓட்டுப்போட்டுக் கட்சிப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2025 மே மாதம் மத்தியத் தலைமைக்கு நடந்த தேர்தலில் பேராளர்கள் ஓட்டுப்போட்டார்கள். எந்த வழியில் நடந்தாலும் அதெல்லாம் கட்சிப் பதவிக்கான தேர்தல்தான். பொதுத் தேர்தலில் யார் நிற்பது என்பது மேலே முடிவாகிறது. அதை மாற்றச் சொல்ல உள்ளே இருப்பவருக்குத்தான் வாய் இருக்கிறது.

உங்கள் கிளையின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். தொகுதி வேட்பாளரை அறிவிக்கும் முன் கிளை உறுப்பினர்களிடம் இரகசிய ஓட்டெடுத்து, அந்த முடிவைத் தலைமைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு போங்கள். அரைப் பக்கம் போதும். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். போன கடிதத்தில் உங்கள் அண்ணி நன்றாகப் பேசுவார் என்று எழுதியிருந்தீர்கள். அவரையும் உறுப்பினராக்கிக் கூட்டிக்கொண்டு போங்கள்.